ஜோகாஷிமாவுக்குப் போன ஞாயிறு

மிசாகி, ஜப்பான்
14 அக்டோபர் 1971

தங்கச்சி பொன்னம்மாவுக்கு,

நேரில் வந்து தலைகுனிந்து நின்று சொல்ல வேண்டிய சேதியைக் காகிதத்தில் எழுதுகிறேன். கம்பெனிக்காரர்கள் அடித்த தந்தி இதற்குள் லம்பாசா வந்து சேர்ந்திருக்கும். தந்தியில் நாலு சொல்தான் இருக்கும். அந்த நாலு சொல்லை வைத்துக்கொண்டு நீ என்ன பாடுபடுகிறாயோ என்று நினைக்கும்போது எனக்குச் சோறு இறங்கவில்லை.

நம் ஃபிஜியிலிருந்து, லெவுகா மீன் கம்பெனி அனுப்பி, ஐஸ் மெஷின் வேலை பழக இரண்டு பேர் வந்தோம். இந்த ஏழு மாதமாக உன் கடிதங்களை உன் புருஷன் அப்பலசாமிக்குப் படித்துச் சொன்னவன் நான். அவன் சொல்லச் சொல்ல உனக்கு எழுதியவனும் நான். அவனைப் பற்றி உனக்குக் கடைசியாக எழுதுகிறவனும் நானாகவே ஆகிப்போனேன்.

போன ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு லீவு. நாங்கள் இருக்கும் மீன்பிடி ஊருக்கு எதிரே ஜோகாஷிமா என்று ஒரு சின்னத் தீவு இருக்கிறது. பாலம் போட்டு இணைத்திருக்கிறார்கள். அங்கே போய் ஒரு நாள் இருந்துவிட்டு வரலாம் என்று காலையில் கிளம்பினோம். ரொட்டி சுட்டு, உருளைக்கிழங்கு வதக்கி, நீ அனுப்பிய மாங்காய் ஊறுகாயில் மிச்சம் இருந்ததையும் எடுத்துக்கொண்டோம். பாலத்தை நடந்தே கடந்தோம். காற்று இல்லை. கடலுக்கு அப்பால் ஜப்பான்காரர்களுடைய பெரிய மலை துல்லியமாகத் தெரிந்தது. அப்பலசாமி நின்று பார்த்துவிட்டு, "இது மெய்யா மலைதானா, இல்ல எவனாச்சும் எழுதி மாட்டி வெச்சிருக்கானா?" என்றான்.

அழகான இடம் தங்கச்சி. மேலே புல்வெளி. கீழே கறுப்பும் வெளுப்புமாகக் கோடு கோடாக அடுக்கிய பாறைகள் கடலுக்குள் இறங்கிப் போகின்றன. ஓரிடத்தில் பாறையைக் கடல் குடைந்து வாசல் மாதிரி ஆக்கிவிட்டது. அதன் வழியே பார்த்தால் அந்தப் பக்கத்துத் தண்ணீர் தெரியும். பருந்துகள் தலைக்கு மேலே வட்டம் போட்டுக்கொண்டே இருந்தன. பெண்கள் கரியடுப்பு வைத்துக் கணவாய் மீன் சுட்டு விற்றார்கள். குடும்பம் குடும்பமாகப் பாய் விரித்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள். யாரும் சத்தமாகப் பேசவில்லை. படம் எழுதிக்கொண்டிருந்த ஒரு கிழவர் எங்களைக் கூப்பிட்டு, தக்காளி போல இருக்கும் ஒரு மஞ்சள் பழம் ஆளுக்கு ஒன்று கொடுத்தார். நாங்கள் அவருக்கு ரொட்டி கொடுத்தோம். ஊறுகாயைத் தொட்டு நாக்கில் வைத்ததும் அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்பலசாமி அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. இந்த ஏழு மாதத்தில் அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

சாப்பிட்ட பிறகு நான் மதியத் தொழுகைக்கு, லுஹர் தொழ, மேட்டில் ஒதுங்கினேன். "பாப்பா சிப்பி கேட்டாளே, பொறுக்கிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு அவன் பாறைக்கு இறங்கினான். கடல் அப்போது தூங்குவது போலத்தான் இருந்தது. எங்கோ தூரத்தில் அடித்த புயலின் அலை இப்படித் திடீரென்று ஒன்று இரண்டு வந்து ஏறும் என்று அப்புறம் சொன்னார்கள். நான் தொழுகையை முடித்துத் திரும்பும்போது ஆட்கள் ஓடினார்கள். மீன்காரர்கள் படகு எடுத்துப் போய்ச் சாயங்காலத்துக்குள் அவனைக் கொண்டுவந்துவிட்டார்கள். முகத்தில் ஒரு காயமும் இல்லை. சட்டைப் பையில் சிப்பிகள் இருந்தன. கழுவி வைத்திருக்கிறேன். பாப்பா கமலாவுக்குத் தனியாகப் பொட்டலம் அனுப்புகிறேன்.

உங்கள் முறைப்படி எரித்தார்கள். நானும் நின்றேன். சாம்பலைப் பெட்டியில் வைத்துக் கம்பெனி அனுப்பிவைக்கும். அவன் நிம்மதியாகப் போனான். இதை நீ நம்ப வேண்டும்.

உன் அண்ணன்,
காசிம்

லம்பாசா
3 நவம்பர் 1971

காசிம் அண்ணனுக்கு,

நலமா என்று கேட்டு எழுதுகிற தெம்பு என்னிடம் இல்லை. கடிதமும் பொட்டலமும் கிடைத்தன. இந்த வீட்டில் தமிழ் எழுத்துத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். பிள்ளைகளுக்கெல்லாம் ஹிந்தியும் இங்கிலீஷும்தான். அதனால் நானே நடுவில் உட்கார்ந்து, என் புருஷன் செத்த கதையை எல்லாருக்கும் ஹிந்தியில் படித்துச் சொன்னேன். வேறு எந்தப் பொம்பளைக்காவது இப்படி ஒரு வேலை வாய்த்திருக்குமா என்று தெரியவில்லை.

படித்து முடித்ததும் என் ஓரகத்தி என்ன சொன்னாள் தெரியுமா. "சிப்பி கேட்டாளாம் சிப்பி. அப்பனையே வாங்கிக்கிட்டா" என்றாள். கமலா எழுந்து உள்ளே போனவள்தான். நீங்கள் அனுப்பிய பொட்டலத்தை அவள் பிரிக்கவில்லை. அவள் எப்போது சிப்பி கேட்டாள், எந்தக் கடிதத்தில் நான் அதை எழுதினேன் என்று எனக்கு நினைவு வரவில்லை. புத்தி ஒரு நிலையில் இல்லை. எழுதியிருப்பேன் போல.

நான் இப்போது எழுதுவது வேறு ஒன்றுக்காக. உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். செப்டம்பர் இருபதாம் தேதி அவருக்கு ஒரு ஏர்லெட்டர் போட்டேன். அது வந்ததா. வந்திருந்தால் அவருக்குப் படித்தீர்களா.

அதில் என்ன எழுதினேன் என்பதை மறைக்க மாட்டேன். அவருடைய அண்ணன் கமலாவுக்கு மாப்பிள்ளை பேசி முடித்துவிட்டார். வட்டுகோலா சுரங்கத்தில் வேலை பார்க்கிறவன். முதல் தாரம் செத்து, கையில் இரண்டு பிள்ளைகள். இவளுக்குப் பதினாறு வயசு. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் கத்தினேன். "தம்பி வந்து வேணாம்னு சொல்லட்டும், நிறுத்திடறேன். நீ யாரு கேக்கறதுக்கு" என்றார். அந்த ஆத்திரத்தில் உட்கார்ந்து எழுதினேன். தீபாவளிக்குள் கப்பலோ ஏரோப்ளேனோ பிடித்து வந்து சேருங்கள் என்று எழுதினேன். வராவிட்டால் நீங்கள் செத்துப்போனதாக நினைத்துத் தலைமுழுகிவிடுகிறேன், தாலியைக் கழற்றி மாட்டுத் தொழுவத்தில் மாட்டிவிடுகிறேன் என்று எழுதினேன்.

எழுதி இருபதாம் நாள் அப்படியே ஆகிவிட்டது.

நாம் மூன்று பேரும் ஒரே தமிழ்ச் சங்கத்துப் பள்ளிக்கூடத்தில் மண்தரையில் உட்கார்ந்து படித்தவர்கள். இரண்டாம் வகுப்போடு அவரைக் கரும்பு வெட்ட இழுத்துக்கொண்டு போனார்கள். நீங்களும் நானும் படித்தோம். அந்தப் படிப்பு இதற்குத்தானா உதவ வேண்டும். அவர் என் வாயிலிருந்து கடைசியாகக் கேட்டது அந்தச் சொல்தானா. அதைக் கேட்டு மனசு விட்டுப்போய் அந்தப் பாறைக்கு இறங்கினாரா. எனக்காகப் பார்க்காதீர்கள், உள்ளதைச் சொல்லுங்கள்.

பொன்னம்மா

மிசாகி
18 நவம்பர் 1971

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் இருந்தேன். உன் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீ செப்டம்பரில் போட்ட ஏர்லெட்டர் அக்டோபர் பன்னிரண்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை வந்தது. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நான் அதைப் பிரிக்கவில்லை. நீ சொல்லித்தான் அதில் என்ன இருக்கிறது என்றே எனக்குத் தெரியும்.

ஆகவே உன் சொல் அவன் காதில் விழவில்லை. நீ உன்னையே நொந்துகொள்ளாதே. கோபத்தில் எழுதுகிற சொல்லுக்கு அல்லாஹ் கணக்குப் பார்க்க மாட்டான். அப்பலசாமி நல்ல மனசோடு, வயிறு நிறைந்து, வெயிலில் கொஞ்ச நேரம் படுத்து எழுந்து, பிறகுதான் இறங்கினான்.

பெரியண்ணன் செய்வது நியாயமில்லை. சங்கத்தில் இருக்கும் பெரியவர்களிடம் சொல்லிப் பார். நான் மார்ச் மாதம் ஊருக்கு வந்ததும் நேரில் பேசுகிறேன். அவனுடைய கம்பளியும் இரண்டு சட்டையும் இங்கே இருக்கின்றன. கொண்டுவருகிறேன்.

காசிம்

லம்பாசா
6 டிசம்பர் 1971

காசிம் அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று நன்றாகத் தூங்கினேன். அவர் போன பிறகு அதுதான் முதல் தூக்கம். மறுநாள் எழுந்து குளித்து, கமலாவைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தலை வாரிவிட்டேன். என் பாரம் இறங்கிவிட்டதால் அவள் பாரம் என் கண்ணுக்குத் தெரிந்தது. பிள்ளை எலும்பும் தோலுமாகக் கிடக்கிறாள். பள்ளிக்கூடம் போவதில்லை. கிணற்றடிக்குப் போனால் அங்கேயும் எவளாவது, "எந்தச் சிப்பிடி கேட்ட" என்கிறாள். அவளுடைய பெரியப்பா அதையே பிடித்துக்கொண்டார். இப்படி ஒரு பேர் வாங்கிய பெண்ணை வைத்துக்கொண்டிருக்க முடியாது, தீட்டுக் கழிந்ததும் தை மாதமே முடித்துவிடலாம் என்கிறார்.

நான் கமலாவைக் கேட்டேன். எப்போம்மா சிப்பி கேட்டே, எந்தக் கடிதத்தில் எழுதச் சொன்னே என்று கேட்டேன். ஒரு மாதமாக வாயைத் திறக்காதவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஹம் நை மாங்கா, அம்மா" என்றாள். கேட்கவே இல்லையாம். யாராவது தன்னிடம் இதைக் கேட்க மாட்டார்களா என்று அவள் இத்தனை நாள் காத்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் பெற்றவள், கேட்கவில்லை. என் பாவம் எனக்குப் பெரிதாக இருந்தது.

அப்புறம் நிதானமாக யோசித்துப் பார்த்தேன் அண்ணா. இந்த ஊரில் சிப்பிக்கு என்ன பஞ்சம். சந்தையில் இந்த மண்ணுக்காரர்களான காய்வீத்திப் பெண்கள் கூடை கூடையாகக் குவித்து வைத்து விற்கிறார்கள். நடந்தால் காலில் குத்துகிறது. ஃபிஜியில் பிறந்த எந்தப் பிள்ளை ஜப்பானிலிருந்து சிப்பி வேண்டும் என்று அப்பனைக் கேட்கும். ரேடியோ கேட்கும், கைக்கடிகாரம் கேட்கும். கமலா கேட்டது ஒரே ஒரு மழைக்கோட்டு. அதை ஜூன் மாதமே நீங்கள் வாங்கி அனுப்பியாயிற்று.

ஏழு மாதத்தில் நான் அவருக்கு எழுதியவை பதினான்கு கடிதங்கள். நினைவு தெளிந்து, ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். எதிலும் சிப்பி இல்லை. அவருக்குப் படிக்கத் தெரியாது. அவர் காதில் விழுந்ததெல்லாம் நீங்கள் படித்ததுதான். அப்படியிருக்க, "பாப்பா சிப்பி கேட்டாளே" என்று அவர் சொன்னாரென்றால், அதை அவருக்கு யார் படித்தது.

என் செப்டம்பர் கடிதம் பிரிக்காமல் இருக்கிறதென்றால் அப்படியே உறையில் போட்டுத் திருப்பி அனுப்புங்கள். ஏர்லெட்டர் ஒட்டியது ஒட்டியபடி எனக்கு வேண்டும். பிரித்திருந்தால், எப்போது பிரித்தீர்கள் என்று எழுதுங்கள். என் மகள் தலையில் கிடக்கிற பழி அவளுடையதா இல்லையா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். அவளை அந்த வட்டுகோலாக்காரனிடம் தள்ளிவிடுவதற்கு முன்னால் தெரிந்தாக வேண்டும்.

பொன்னம்மா

மிசாகி
24 டிசம்பர் 1971

தங்கச்சி பொன்னம்மா,

உன் ஏர்லெட்டரை இதோடு வைத்திருக்கிறேன். பிரித்ததுதான். அக்டோபர் ஒன்பதாம் தேதி, சனிக்கிழமை சாயங்காலம் பிரித்தேன். செவ்வாய்க்கிழமை வந்தது என்று நான் எழுதியது பொய்.

எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன். இதை நீ மட்டும் படி. வேறு யாருக்கும் படித்துக் காட்டாதே என்று கெஞ்சிக் கேட்கிறேன். என் மனைவி ஹவ்வா அங்கேதான் இருக்கிறாள். எனக்கும் ஊருக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது.

இது அன்றைக்கு ஆரம்பித்த பழக்கம் இல்லை. வந்த புதிதில் நீ மாடு செத்துப்போனது பற்றி எழுதினாய். அதைப் படித்துச் சொன்னேன். அவன் மூன்று ராத்திரி தூங்கவில்லை. நாலாம் நாள் மெஷினில் கை வைத்தவன் ஒரு விரல் நகத்தைக் கொடுத்துவிட்டு வந்தான். அதிலிருந்து நீ எழுதும் கஷ்டங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிட்டுப் படிக்க ஆரம்பித்தேன். அண்ணன் திட்டினார் என்று நீ எழுதினால், அண்ணன் விசாரித்தார் என்பேன். உனக்குக் காய்ச்சல் என்றால், மழை நன்றாகப் பெய்கிறது என்பேன். அவன் முகம் மலர்வதைப் பார்க்க எனக்கும் நன்றாக இருந்தது. வேலை முடிந்து வந்ததும், "கடுதாசி வந்துதாடா" என்று பிள்ளை மாதிரி கேட்பான். அவன் கெட்டது கேட்டு உட்கார்ந்துவிட்டால் அந்த அறையில் பேச எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்.

சனிக்கிழமை அவன் குளிக்கப் போயிருக்கும்போது உன் கடிதத்தைப் பிரித்து ஒரு பார்வை பார்த்துவிட்டேன். அவன் வந்து, "படிடா" என்றான். "நாளைக்கு ஜோகாஷிமா போவோம், அங்க ஒக்காந்து நிதானமா படிக்கறேன்" என்றேன். அந்த நேரம்வரை அப்படி ஒரு இடத்துக்குப் போகிற எண்ணமே எங்களுக்கு இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைப் பயணத்தை நான்தான் உண்டாக்கினேன். கடிதத்தை என்ன செய்வது என்று யோசிக்க எனக்கு ஒரு ராத்திரி தேவைப்பட்டது.

யோசித்தேன். முழுசாகப் படித்தால் அவன் திங்கட்கிழமை காலையில் ஆபீசில் போய் நின்று, ஊருக்கு அனுப்புங்கள் என்பான். அனுப்பியும்விடுவார்கள். அவன் அப்படிப்பட்டவன், பாப்பா விஷயத்தில் ஒரு நிமிஷம் நிற்க மாட்டான். அப்புறம் மார்ச் மாதம்வரை நான் இங்கே தனியாக இருக்க வேண்டும். இவர்கள் பாஷை எனக்கு வரவில்லை. குளிர் வருகிறது. இதுதான் என் மனசில் ஓடியது தங்கச்சி. அவன் நகம் போனதெல்லாம் நான் எனக்கே சொல்லிக்கொண்ட சாக்கு. பயந்தேன், அவ்வளவுதான். கல்யாணத்துக்கு இன்னும் நாள் இருக்கிறதே, நடுவில் நானே பெரியண்ணனுக்கு ஒரு கடிதம் போட்டு நிறுத்தப் பார்க்கலாம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

புல்லில் உட்கார்ந்து படித்தேன். எல்லாரும் சவுக்கியம், கரும்பு வெட்டு நன்றாக நடக்கிறது, கமலா பரீட்சையில் நல்ல மார்க்கு வாங்கியிருக்கிறாள் என்றேன். அவன் தோளுக்கு மேலே எட்டித் தாளைப் பார்த்தான். எழுத்துத் தெரியாவிட்டாலும் நீளம் தெரியுமே. நீ மூன்று மடிப்பும் நிறைய எழுதியிருந்தாய். "இன்னும் எவ்வளவோ இருக்குதே, அதெல்லாம் என்னா?" என்றான். என்ன சொல்வது என்று தெரியாமல் எதிரே பார்த்தேன். கடல் இருந்தது. "பாப்பா இந்த ஊரு சிப்பி வேணும்னு கேட்டிருக்கா" என்றேன். காசு ஆகாத, யாருக்கும் தொந்தரவு இல்லாத ஒன்றைச் சொன்னதாகத்தான் நினைத்தேன்.

கமலா கேட்கவில்லை. நான் கேட்டேன்.

காசிம்

சமபுலா, சுவா
30 ஜனவரி 1972

காசிமுக்கு,

அண்ணன் என்று எழுதக் கை வரவில்லை. இப்போது நானும் கமலாவும் என் தங்கை இந்திராவதி வீட்டில் இருக்கிறோம். எப்படி வந்து சேர்ந்தோம் என்பதைச் சொல்ல வேண்டும்.

உங்கள் கடிதம் ஜனவரி பத்தாம் தேதி வந்தது. அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் சங்கத்துக்காரர்கள் அவருடைய சாம்பல் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்திருந்தார்கள். கருமாதிக்கு நாள் குறித்து, வீடு நிறைய ஜனம். ஹவ்வாவும் வந்திருந்தாள், பாவம், எனக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்துக்கொண்டு. அத்தனை பேர் முன்னால் உங்கள் கடிதத்தை எடுத்து ஹிந்தியில் படித்தேன். யாருக்கும் காட்டாதே என்று நீங்கள் கெஞ்சிய வரியையும் சேர்த்துத்தான் படித்தேன். ஒரு சொல் விடவில்லை, ஒரு சொல் கூட்டவில்லை. ஹவ்வா முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டாள். அவளுக்காக எனக்கு வருத்தம்தான். ஆனால் உங்கள் மானத்தைக் காப்பாற்ற என் மகள் சாக வேண்டுமா.

ஓரகத்தி தலையைக் குனிந்துகொண்டாள். அவருடைய அண்ணன் மட்டும், "அது எப்பிடி இருந்தா என்னா, பேசினது பேசினதுதான்" என்றார். சரி, பேசினவரே போய்த் தாலி கட்டிக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டேன். இருபது வருஷத்தில் ஊர் முன்னால் அவரை எதிர்த்து நான் பேசியது அன்றைக்குத்தான். கருமாதி முடிந்த மூன்றாம் நாள் கப்பல் ஏறிவிட்டோம். கமலா இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிட்டாள். சாப்பிடுகிறாள். தூக்கத்தில் மட்டும் பேசுகிறாள்.

இப்போது உங்களுக்கு வருகிறேன். என் வாய்ச்சொல் அவரைக் கொன்றுவிட்டது என்று நான் பயந்தேன். அது இல்லை. என் சொல் அவர் காதில் விழாததுதான் கொன்றது. விழுந்திருந்தால் திங்கட்கிழமை ஆபீசில் போய் நின்றிருப்பார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தீபாவளிக்கு வீட்டுக்கு வந்திருப்பார். அண்ணனிடம் சண்டை போட்டிருப்பார். என்னை, "என்னாடி கடுதாசி எழுதின, தாலிய தொழுவத்துல மாட்டுவியா" என்று இரண்டு சாத்துச் சாத்தியிருப்பார். நான் வாங்கிக்கொண்டிருப்பேன். அந்த அடியை எனக்கு வராமல் செய்தவர் நீங்கள்.

இன்னொன்றும் எடுத்துக்கொண்டீர்கள். அவர் சொல்ல நீங்கள் எழுதியதாக வந்த கடிதங்களையெல்லாம் பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். "உன் கை ரொட்டி தின்னாமல் உடம்பு இளைத்துப் போச்சு" என்று ஒன்றில் இருக்கிறது. அதைத் தலையணைக்குள் வைத்துக்கொண்டிருந்தேன். அதை அவர் சொன்னாரா, நீங்கள் போட்டீர்களா. கேட்க மாட்டேன். நீங்கள் எதைச் சொன்னாலும் நான் நம்பப்போவதில்லை.

மார்ச்சில் ஊருக்கு வருவீர்கள். வந்தால் சமபுலாவுக்கு வந்து கமலாவிடம் நீங்களே உங்கள் வாயால் சொல்லுங்கள். உள்ளே விடுவேன். சாயா கொடுப்பேன். மன்னித்துவிட்டேன் என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இதோடு முடித்திருப்பேன். ஆனால் நீங்கள் எழுதியது போல நானும் உள்ளதை எழுதியாக வேண்டும்.

கருமாதி அன்று காலையில், பெட்டியை ஆற்றுக்கு எடுத்துப் போவதற்கு முன்னால், எல்லாரையும் வெளியே போகச் சொல்லிவிட்டு அவர் முன்னால் உட்கார்ந்தேன். நீங்கள் திருப்பி அனுப்பிய என் கடிதத்தை எடுத்தேன். எனக்கும் அவருக்கும் நடுவில் இனி யாரும் வேண்டாம், நான் எழுதியதை நானே அவருக்குப் படித்துவிடுகிறேன் என்று படித்தேன். அண்ணன் மாப்பிள்ளை பேசியதைப் படித்தேன். வட்டுகோலாக்காரனுடைய இரண்டு பிள்ளைகளைப் படித்தேன். தீபாவளிக்குள் வாருங்கள் என்பதைப் படித்தேன். அடுத்தது அந்த வரி. வாயைத் திறந்தேன். வரவில்லை. மறுபடி முதலிலிருந்து படித்துக்கொண்டு வந்தேன். மறுபடியும் அந்த இடத்தில் நின்றுவிட்டேன். வெளியே மேளக்காரர்கள் வந்துவிட்டார்கள், அவருடைய அண்ணன் கதவைத் தட்டினார்.

"மெதுவா வாங்க, அவசரம் ஒண்ணும் இல்ல, நாங்க நல்லா இருக்கோம்" என்று படித்தேன். அப்படி நான் எழுதவே இல்லை. தாளை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு, பெட்டியைத் தூக்கி அவருடைய அண்ணன் கையில் கொடுத்தேன்.

பொன்னம்மா